ஏரியில் விடும் குஞ்சு எந்த இனம்?

ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும், புதுச்சேரியைச் சுற்றியுள்ள சிறிய ஏரி குளங்களிலும் வளர்த்துப் பிடிக்கப்படும் கெண்டைகளில் முதன்மையானவை மூன்று: கட்லா, ரோகு, மிர்கால். ரோகுவும் மிர்காலும் கங்கையும் அதன் கிளையாறுகளும் பாயும் வடக்கு நாட்டு மீன்கள். கட்லாவும் நம் ஆறுகளில் பிறந்ததல்ல. மூன்றுமே மனிதர் கொண்டுவந்து விட்டவை. இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. மீன்வளத் துறையின் எந்தக் கையேட்டிலும் இது இருக்கும். ஆனால் கட்லா என்று சொல்லி விடப்படும் குஞ்சு முழுக் கட்லாதானா, ரோகு என்று விற்கப்படும் விரலியின் தாயும் தந்தையும் ஒரே இனமா என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நெருங்கிய நன்னீர் மீன் இனங்கள் ஒன்றோடொன்று கலப்பது பற்றி உலகெங்கும் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளை நம் ஏரிக்கரையில் நின்று படித்தால் அவற்றின் அவசரம் புரியும்.

முதுகெலும்புள்ள உயிர்களில் மீன்களிடம்தான் இனக் கலப்பு மிக அதிகம். அமெரிக்க மீனியல் அறிஞர் கார்ல் ஹப்ஸ் 1955இல் வெளியிட்ட விரிவான கட்டுரையில், இயற்கையில் மீன் இனங்கள் கலப்பது அரிய விபத்து அல்ல என்று ஏராளமான சான்றுகளோடு காட்டினார். காரணம் எளிது. பெரும்பாலான நன்னீர் மீன்களில் கருவுறுதல் உடலுக்கு வெளியே நடக்கிறது. பெண் முட்டையை நீரில் விடுகிறது, ஆண் அதன்மேல் விந்தைப் பாய்ச்சுகிறது. பக்கத்தில் வேறோர் இனமும் அதே வேளையில் சினை விட்டுக்கொண்டிருந்தால் ஓடும் நீர் இரண்டையும் சேர்த்துவிடும். இனங்களைப் பிரித்து வைப்பவை பருவம், இடம், நடத்தை ஆகிய வேலிகள்தான். வெள்ளம் குறைந்து சினை விடும் இடம் சுருங்கினாலோ, ஓர் இனம் மிகக் குறைந்து மற்றொன்று பெருகினாலோ, நீர் கலங்கித் துணையை அடையாளம் காண முடியாமல் போனாலோ அந்த வேலிகள் சரிகின்றன.

நம் கெண்டைகளின் கதையில் வேலியைச் சரித்தது வெள்ளமோ வறட்சியோ அல்ல, ஓர் ஊசி. கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் முதிரும், ஆனால் முட்டை விடாது. அதற்கு மழைக்காலத்து ஆற்று வெள்ளம் வேண்டும். அதனால் 1950கள் வரை குஞ்சுகளை வடக்கத்திய ஆறுகளில் வலைகட்டிப் பிடித்துத்தான் நாடெங்கும் அனுப்பினார்கள். அப்படிப் பிடித்ததில் எந்தக் குஞ்சு எது என்று பிரிப்பதும் பெரும்பாடு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி, கே. எச். அலிகுன்ஹியுடன் சேர்ந்து, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுக் குளத்திலேயே கெண்டைகளை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டிய நாள்தான். உள்நாட்டு மீன் உற்பத்தியில் இந்தியா பெற்ற உயரத்துக்கு அடித்தளம் அந்த ஊசி.

எந்த மீனையும் விரும்பிய நேரத்தில் முட்டையிட வைக்கலாம் என்றால், எந்த இரண்டையும் சேர்த்தும் பார்க்கலாம். கட்டாக்கில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் அடுத்த சில ஆண்டுகளிலேயே ரோகு, கட்லா, மிர்கால், கல்பாசு ஆகியவற்றை ஒன்றோடொன்று கலந்து பல கலப்பினங்களை உருவாக்கினார்கள். பேரினம் வேறு என்று அன்று கருதப்பட்ட மீன்கள்கூடத் தயக்கமின்றிக் கலந்தன. இந்தக் கெண்டைகள் எல்லாவற்றுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 50. எண்ணும் அமைப்பும் ஏறத்தாழ ஒத்திருப்பதால் கலப்புக் குஞ்சு பிழைக்கிறது, வளர்கிறது, தானும் முட்டையிடுகிறது. சாதாக் கெண்டைக்கு ஏறத்தாழ 100 குரோமோசோம்கள். அதை இந்தியக் கெண்டையோடு சேர்த்தால் பிறப்பது பெரும்பாலும் மலடு. மலட்டுக் கலப்பினத்தால் வரும் கேடு அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும். வளமுள்ள கலப்பினம் தாய் இனத்தோடோ தந்தை இனத்தோடோ மறுபடி சேர்ந்து, அடுத்த தலைமுறைக்கு மரபணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்துகிறது. ஊடுகலப்பு என்று மரபியலார் சொல்வது இதைத்தான். நம்முடைய சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கலப்பினத்துக்கு ஆதரவாளர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. கட்லாவின் தலை பெரிது, வாங்குபவர் தராசில் தலைக்கும் காசு கொடுக்கிறார். ரோகுவோடு சேர்த்த கட்லாவுக்குத் தலை சிறுத்து, கட்லாவின் அகன்ற உடல் ஓரளவு தங்கி, சதை கூடுகிறது. ரோகுவைவிட வேகமாகவும் வளர்கிறது. கர்நாடகத்தில் கட்லாவைத் தென்னாட்டுச் சேல்கெண்டையோடு சேர்த்தும் நல்ல பலன் கண்டார்கள். ஆனால் பல சோதனைகளில் கலப்பினத்தின் வளர்ச்சி இரு பெற்றோருக்கும் நடுவேதான் நின்றது. இருவரையும் விஞ்சும் வீரியம் எளிதில் வாய்க்கவில்லை. புவனேசுவரத்துக்கு அருகே கௌசல்யகங்காவில் இயங்கும் மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம் பிறகு வேறு வழியில் போனது. நார்வே அறிவியலாளர்களின் துணையோடு 1992இல் தொடங்கி, பல ஆறுகளின் ரோகுவைச் சேர்த்து, இனத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்து வளர்த்தது. 1997இல் வெளிவந்த ‘ஜெயந்தி ரோகு’ அப்படிப் பிறந்தது. தலைமுறைக்குச் சராசரி 17 சதவீத வளர்ச்சி முன்னேற்றம் பதிவானது. கலப்பு தராத பலனைத் தூய இனத்துக்குள் பொறுமையாகத் தேடிக் கண்டடைந்தார்கள். கலப்பினமா, தேர்ந்தெடுப்பா என்ற பழைய விவாதத்தில் என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான்.

வேண்டுமென்றே செய்யும் கலப்பைவிட, செய்பவருக்கே தெரியாமல் நடக்கும் கலப்புதான் பெரிது. சீன முறை வட்டத் தொட்டிப் பொரிப்பகங்கள் வந்த பிறகு குஞ்சு உற்பத்தி பெருந்தொழில் ஆயிற்று. சுற்றி ஓடும் நீரில் சினை மீன்களை விட்டால் அவையே முட்டையிடும். 14 முதல் 18 மணி நேரத்தில் குஞ்சு வெளிவந்துவிடும். ஒரே இரவில், ஒரே தொட்டியில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் ஊசி போட்டு விடுவது தண்ணீரையும் கூலியையும் மிச்சப்படுத்தும். மூன்றின் முட்டையும் மூன்றின் விந்தும் அங்கே ஒரே நீரில் சுழல்கின்றன. கட்லா ஆண் சரியாக முதிராத ஆண்டில் ரோகு ஆணை வைத்துக் கட்லா முட்டையைக் கருவுறச் செய்வதும் நடப்பதுதான். பிறந்த குஞ்சுகளில் வேகமாக வளர்ந்தவற்றை எடுத்து அடுத்த தலைமுறைச் சினை மீனாக வைத்துக்கொள்வார்கள். அவற்றில் கலப்பினம் இருந்தால் அதுவே தாயாகிறது. ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும் என்பதால் சில மீன்களே ஒரு மாவட்டத்துக்குக் குஞ்சு தந்துவிடும். அதனால் பிழையும் அதே வேகத்தில் பரவும். கர்நாடகப் பொரிப்பகங்களை ஆராய்ந்து எக்நாத்தும் டாயிலும் 1990இல் வெளியிட்ட கட்டுரை, உறவுக்குள் இனப்பெருக்கம் தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை கூடுவதாகக் கணக்கிட்டது. நெருங்கிய உறவுக்குள் பெருகுவதும் அயல் இனத்தோடு கலப்பதும் எதிரெதிர்க் குறைகள் போலத் தோன்றும். இரண்டும் ஒரே தொட்டியில், கணக்கு வைக்காத ஒரே பழக்கத்திலிருந்துதான் பிறக்கின்றன.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா? முதல் தலைமுறையில் ஓரளவு முடியும். கட்லாவுக்கு மீசை இல்லை, வாய் மேல்நோக்கியது. ரோகுவுக்குச் சிறு மீசையும் விளிம்பு நறுக்கிய உதடும் உண்டு. முதல் கலப்பு இரண்டுக்கும் நடுவே இருக்கும், பழகிய கை அதை விலக்கிவிடும். அது மறுபடி கட்லாவோடு சேர்ந்து பிறந்தது கட்லாவைப் போலவே இருக்கும். அதற்குப் பிறகு கண் உதவாது. தாய்வழி மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவும் தாய் எந்த இனம் என்பதை மட்டுமே சொல்லும். தந்தையை அறிய செல் உட்கருவின் மரபணுக்களைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது வந்த செய்தி தெளிவானது. இந்தியப் பொரிப்பகம் ஒன்றில் அறியாமல் நடந்த கலப்பைப் பாதியும் மண்டலும் 1990களில் மரபணு வழியே காட்டினார்கள். வங்கதேசத்தில் சைமன்சன் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது: பொரிப்பகங்களில் இந்தியப் பெருங்கெண்டைகளிடையே கலப்பு பரவலாக இருந்தது, ஆறுகளில் பிடித்த மீன்களில் அது காணப்படவில்லை. அதே நாட்டில் வெள்ளிக் கெண்டையையும் பெருந்தலைக் கெண்டையையும் ஆராய்ந்தவர்களும் சினை மீன்களிலேயே கலப்பைக் கண்டார்கள். தோற்றத்தில் ஓர் இனமாகத் தெரிந்தவை மரபணுவில் வேறு கதை சொல்லின.

வங்கதேச ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: கெண்டைகளின் இயற்கை வேலி ஆற்றில் இன்னும் நிற்கிறது. ஆறு தன் இனங்களைத் தானே பிரித்து வைத்துக்கொள்கிறது. நாம் பொரிப்பகத்துக் குஞ்சுகளை ஆண்டுதோறும் அதே ஆற்றில் கொட்டுவோமானால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் அடுத்த கேள்வி.

ஏரியில் வளர்த்துத் தின்னும் மீனில் கலப்பு இருந்தால் என்ன குடி மூழ்கிவிடும் என்று கேட்கலாம். வளர்ப்பவருக்கே நட்டம் உண்டு. கூட்டின வளர்ப்பின் தத்துவம், கட்லா மேல்நீரிலும் ரோகு நடுநீரிலும் மிர்கால் அடியிலும் மேய்வதால் ஒரே குளத்தின் எல்லா உணவும் பயன்படும் என்பதுதான். மூன்றும் கலந்த குஞ்சை விட்டால் அந்தப் பங்கீடு குலைகிறது. ஒன்றின் தீனிக்கு மற்றொன்று போட்டி, ஒரே வயதில் ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் நிற்கும். குத்தகை எடுத்தவர் தண்ணீரையும் தீனியையும் குறை சொல்வார். காரணம் அவர் காசு கொடுத்து வாங்கிய குஞ்சிலேயே இருக்கும்.

ஏரியைவிட ஆற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். காவிரிக்கு வெண்கெண்டை என்று ஒரு மீன் இருந்தது. இன்று அரிதாகிவிட்டது. ஜெர்மானிய மீனியலாளர் ப்ளாக் 1795இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். காரைக்காலுக்கு அடுத்த தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் ஜான் அவருக்கு இந்தக் கரையின் மீன்களை அனுப்பிவந்தவர். கங்கையின் மிர்காலுக்கு ஹாமில்டன் 1822இல் பெயரிட்டார். இரண்டும் தனித்தனி இனமா, ஒரே இனத்தின் இரு வட்டார வடிவமா என்று மீனியலார் இன்றும் வாதிடுகிறார்கள். மேட்டூர் அணை 1934இல் முடிந்தபின் வெண்கெண்டையும் கருமுழிக் கெண்டையும் சினை விடும் இடங்களை இழந்து குறைந்தன. அணைநீரில் வடக்கத்திய கெண்டைகள் பெருகின. மிர்கால் காவிரியில் தொடர்ந்து விடப்படுகிறது. இரண்டும் அவ்வளவு நெருங்கியவை என்றால் அவை கலப்பதற்கு என்ன தடை இருக்க முடியும்? தனி இனமா என்ற வழக்கு தீருமுன்பே வழக்குக்குரிய மீன் கலந்து மறைந்துபோகலாம். ஒரே இனம்தான் என்று தீர்ப்பு வந்தாலும் காவிரிக்கென்று பல்லாயிரம் ஆண்டுகள் பழகிய மரபு அழிவது இழப்புதான்.

மஹாசீரின் கதை இதைவிட வெளிப்படையானது. காவிரியின் திமில் முதுகு மஹாசீர் ஒரு மனிதனின் எடைக்கு வளரும் மீன். ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் தூண்டில்காரர்களுக்காக எழுதிய புத்தகம் அதை உலகறியச் செய்தது. ஆயினும் அதன் சரியான அறிவியல் பெயர் உறுதியானது 2018இல்தான். தென்னக மீன்களை ஆராய்ந்த ரெமா தேவியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அதே ஆண்டில் அது மிக அபாய நிலையில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. இதற்கிடையில் லோனாவாலா பொரிப்பகத்தில் பெருக்கிய நீலத்துடுப்பு மஹாசீர் பல்லாண்டுகளாகப் பல ஆறுகளில் விடப்பட்டுவந்தது, காவிரியிலும்தான். மஹாசீரைக் காப்பதற்காக, நல்லெண்ணத்தோடு செய்த வேலை அது. வந்த மீன் பெருகியது, காவிரியின் சொந்த மீன் சுருங்கியது. இன்று அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று மோயாறு. அங்கும் அயல் மஹாசீர் நுழைந்தால், எண்ணிக்கையில் தோற்ற இனம் கலப்பிலும் தோற்கும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். எஞ்சியிருப்பவை தம் இனத்தில் துணை கிடைக்காமல் அயலைத் தேடும் நிலையும் ஹப்ஸ் விவரித்த ஆபத்துதான்.

அப்படி நடந்தே முடிந்த இடங்கள் உண்டு. அமெரிக்காவின் மேற்கு மலைகளில், விளையாட்டு மீன்பிடிப்புக்காக விட்ட வானவில் ட்ரவுட் அங்கத்திய கட்த்ரோட் ட்ரவுட்டோடு கலந்தது. மொன்டானாவில் மல்ஃபெல்ட் குழு 2009இல் வெளியிட்ட கணக்கு: அயல் மரபணு 20 சதவீதம் சேர்ந்தாலே இனப்பெருக்க வெற்றி ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அப்படியும் கலப்பு நிற்காமல் பரவுகிறது, ஏனெனில் புதிய வானவில் ட்ரவுட் தொடர்ந்து வந்து சேர்கிறது. தாய்லாந்தில் உள்ளூர்ப் பெண் கெளுத்தியை ஆப்பிரிக்க ஆண் கெளுத்தியோடு சேர்த்த கலப்பினம் சந்தையை ஆள்கிறது. பண்ணையிலிருந்து தப்பியவற்றின் மரபணு அங்கத்திய காட்டுக் கெளுத்திகளுக்குள் புகுந்திருப்பதை 2004இல் கண்டுபிடித்தார்கள். அதே ஆப்பிரிக்கக் கெளுத்திதான் 1990களில் வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குள் அனுமதியின்றி வந்தது. மத்திய அரசு தடை செய்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் குளங்களில் இன்னும் கிடைக்கிறது. நம் நாட்டுக் கெளுத்தியோடு அதைக் கலக்க முடியும் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டிவிட்டன. அந்த நாட்டுக் கெளுத்தியும் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கும் மீன்.

ஜிலேபிக் கெண்டையின் கதையை எத்தனை முறை எண்ணினாலும் மனம் பதைக்கிறது. 1952இல் இந்தியாவுக்கு வந்து நம் ஏரிகளையெல்லாம் நிரப்பிய மொசாம்பிக் திலேப்பியா அது. தன் தாய்நாடான தென்னாப்பிரிக்கப் பகுதி ஆறுகளில் நைல் திலேப்பியாவோடு கலந்து கலந்து, இன்று தானே ஆபத்துக்குள்ளான இனமாகப் பட்டியலில் இருக்கிறது. திலேப்பியாக் கலப்பை வேண்டுமென்றே பயன்படுத்தியதும் உண்டு. மலாக்காவில் ஹிக்லிங் 1960 வாக்கில் இரு திலேப்பியா இனங்களைச் சேர்த்து ஏறத்தாழ முழுக்க ஆண் குஞ்சுகளாகவே பெற்றார். கூட்டம் பெருகாமல் மீன் பருக்க அது வழி செய்தது. அங்கே கலப்பு குளத்துக்குள் கட்டுப்பட்ட கருவி. ஆற்றில் அது கட்டறுந்த வெள்ளம்.

கலப்பு எப்போதும் அழிவு என்றும் சொல்ல முடியாது. விக்டோரியா ஏரிப் பகுதியில் சிக்லிட் மீன்கள் சுமார் 700 இனங்களாகக் கிளைத்தன. சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன் இரு வேறு மரபுகள் கலந்ததே அந்தப் பெருக்கத்துக்கு விதை என்று 2017இல் மரபணு ஆய்வு காட்டியது. அதே ஏரியில் கழிவால் நீர் கலங்கியதும், நிறம் பார்த்துத் துணை தேடும் பெண் மீன்கள் தடுமாறி இனங்கள் மீண்டும் ஒன்றாகக் குழம்புவதை ஓலே சீஹவுசனும் தோழர்களும் 1997இலேயே சொல்லிவிட்டார்கள். இயற்கை ஒன்றரை லட்சம் ஆண்டுகளில் செய்த கலப்பும், ஒரு பருவத்தில் லாரியில் ஏற்றி வந்து கொட்டும் கலப்பும் ஒன்றாகா. கலந்தது பிழைக்குமா, வேறாகுமா என்று தேர்வதற்கு இயற்கைக்குக் காலம் வேண்டும். அதை நாம் கொடுப்பதில்லை.

புதுச்சேரிக்கு இந்தக் கேள்வியில் இரண்டு தனித்தன்மைகள் உண்டு. ஒன்று நிலவியல். செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி வீடூர் அணை வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்து புதுச்சேரிக்குள் வருகிறது. சுத்துக்கேணி வாய்க்கால் அதன் நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுவருகிறது. அந்த ஏரியே பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. வடகிழக்குப் பருவமழையில் மதகு வழிந்தால் குஞ்சு எந்த அரசின் எல்லைக்குள்ளும் நீந்தும். ஒரு பக்கம் எவ்வளவு கண்டிப்பாகச் சான்று பெற்ற குஞ்சு விட்டாலும் மறுபக்கம் விடுவது அதைக் கரைத்துவிடும். பறவைகள் காப்பகமாகப் புதுச்சேரி 2008இலும் தமிழ்நாடு 2015இலும் தத்தம் பகுதியை அறிவித்தன. பறவைகளுக்கு இரு அரசும் அடுத்தடுத்துச் செய்ததை மீனுக்குச் சேர்ந்தே செய்ய வேண்டும்.

இரண்டாவது வரலாறு. பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோ 1816 முதல் சில ஆண்டுகள் புதுச்சேரியில் தங்கி, செடிகளோடு மீன்களையும் சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பினார். குவியேயும் வலான்சியெனும் 1828 முதல் 1849 வரை 22 தொகுதிகளாக வெளியிட்ட மீன்களின் இயற்கை வரலாற்றில் புதுச்சேரி மீன்கள் பல இடம்பெற்றது இப்படித்தான். வடக்கத்திய கெண்டைகள் இங்கே வருவதற்கு முன் இந்த நீரில் எவை இருந்தன என்பதற்குக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று லெஷனோ அனுப்பிய அந்த மீன்கள். ஃபார்மலின் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலத்தில் மீன்களைச் சாராயத்தில்தான் வைத்தார்கள். சாராயத்தில் வைத்த பழைய உடல்களிலிருந்து, சிதைந்திருந்தாலும், மரபணுவின் துண்டுகளை எடுக்க முடிகிற நாள் இது. இன்று சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் பிடிபடும் நாட்டு மீன்களை அந்தப் பழைய உடல்களோடு ஒப்பிட்டால், எந்த இனம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு உறுதியான அளவுகோல் கிடைக்கும். புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு நிறுவனமும் ஒரே ஊரில் இருக்கும்போது பாரிசின் கதவைத் தட்டுவது கடினமல்ல.

அதற்கு முன்பே செய்யக்கூடியவை உண்டு. பொரிப்பகத்தில் ஒரு தொட்டிக்கு ஓர் இனம் என்ற விதி, சினை மீன் ஒவ்வொன்றுக்கும் அடையாளச் சில்லும் பதிவேடும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சினை மீன்களின் துடுப்பு நறுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்புதல், வேகமாக வளரும் கலப்பினம் கிடைத்தால் அதைச் சந்தைக்கு மட்டும் அனுப்பித் தாயாக ஒருபோதும் வைக்காமை. ஏரியைக் குத்தகைக்கு விடும்போது குஞ்சு வந்த பொரிப்பகத்தின் பெயரைக் குத்தகைச் சீட்டிலேயே எழுத வேண்டும். ஆற்றில் விடுவது வேறு. சங்கராபரணியிலோ தென்பெண்ணையிலோ காவிரியின் காரைக்கால் கிளைகளிலோ எந்தத் துறையும் எந்த விழாவுக்கும் வடக்கத்திய கெண்டைக் குஞ்சை விடக் கூடாது. விடத்தான் வேண்டும் என்றால், அந்தந்த ஆற்றிலேயே பிடித்த நாட்டுக் கெண்டைகளைச் சினையாக்கிப் பெற்ற குஞ்சுகளை மட்டும், எந்த ஆற்றிலிருந்து எடுத்தோமோ அதே ஆற்றில் விடலாம்.